க்ரீன்ஹவுஸ் எஃபெக்ட் கிட் ரிவ்யூ: ரெண்டு டோமை விட அந்த குட்டி தெர்மாமீட்டர் தான் மேட்டரு

மொதல்ல ரேட்டிங்கை சொல்லிடறேன், 5க்கு 3.5. பாக்ஸ்ல இருக்கற சாமானுக்கு மட்டும்னா 4.5 தாராளமா தரலாம், கூட வர்ற மேனுவலுக்கு 2க்கு மேல மனசு வரல, அதான் நடுவுல வந்து நிக்குது. பசுமை இல்ல விளைவு, அதாங்க க்ரீன்ஹவுஸ் எஃபெக்ட், பூமியை எப்படி சூடாக்குதுன்னு வீட்டுலயே செஞ்சு பாக்கறதுக்கான சயின்ஸ் கிட் இது. இதே டிசைன்ல நெறைய கம்பெனி போடறாங்க, உள்ள இருக்கறது கிட்டத்தட்ட ஒண்ணு தான், அதனால பிராண்ட் பேரை விட்டுட்டு உள்ள என்ன இருக்கு, எது நெஜமாவே வேலை செய்யுது, எது தப்பா சொல்லித்தருதுங்கறதை மட்டும் எழுதறேன். அக்கா பொண்ணுக்காக வாங்கினது, எட்டாவது படிக்கறா, ரெண்டு பேரும் சேர்ந்து தான் எல்லாத்தையும் செஞ்சு பாத்தோம்.

பாக்ஸை திறந்தா ரெண்டு ட்ரான்ஸ்பரன்ட் பிளாஸ்டிக் டோம், அடியில வைக்க கறுப்பு பெயின்ட் அடிச்ச தகரத் தட்டு ரெண்டு, ஒயர் வெச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் ரெண்டு, ஸ்டாண்டோட ஒரு ஹாலஜன் லேம்ப், பேக்கிங் சோடாவும் சிட்ரிக் ஆசிட்டும் பாக்கெட் பாக்கெட்டா, அதுல வர்ற கார்பன் டை ஆக்சைடை டோமுக்குள்ள விடறதுக்கு ஒரு பாட்டிலும் ட்யூபும், ஒரு சுவர் போஸ்டர், கிரகங்களைப் பத்தி கொஞ்சம் கார்டு, ஒரு மொபைல் ஆப். அப்புறம் ஒரு ஓரத்துல, தொடாமலே சூட்டை அளக்கற கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், ட்ரிகர் வெச்சது. இந்த கடைசி ஐட்டத்துக்கு மேனுவல்ல அரைப் பக்கம் தான் இடம், 'லேம்ப் சூட்டை செக் பண்ண யூஸ் பண்ணலாம்'னு போட்டுட்டு விட்டுட்டாங்க. என்னைக் கேட்டா இந்த மொத்த பாக்ஸ்லயும் க்ரீன்ஹவுஸ் எஃபெக்டை நேரடியா காட்டற பொருள் அது ஒண்ணு தான். அதுக்கு அப்புறமா வரேன்.

குவாலிட்டி நல்லா இருக்கு. டோம் கனமா இருக்கு, அடியில ரப்பர் ரிங் டைட்டா உக்காருது, ட்யூப் நழுவல. லேம்ப் ஒயர் மட்டும் ரொம்ப குட்டை, எக்ஸ்டென்ஷன் இல்லாம ஆகாது. லேம்ப் மூடி நல்லாவே சுடும், சின்னப் பசங்க கிட்ட தனியா குடுத்துட்டு போயிடாதீங்க.

இப்ப மெயின் எக்ஸ்பெரிமென்ட். ஒரு டோம்ல சாதா காத்து, இன்னொண்ணுல கார்பன் டை ஆக்சைடு, நடுவுல லேம்ப், ரெண்டுலயும் தெர்மாமீட்டர், இருபது நிமிஷம் விட்டுட்டு ரீடிங் எடுக்கணும். கார்பன் டை ஆக்சைடு இருக்கற டோம்ல ரெண்டு டிகிரி கிட்ட ஜாஸ்தியா காட்டுது, மேனுவல்ல போட்ட கிராஃப் மாதிரியே வருது, குழந்தைக்கும் சந்தோஷம். ஆனா அங்கேயே நிறுத்திடாதீங்க, இதுல நெறைய ஓட்டை இருக்கு. அந்த ஓட்டைங்களை ஒவ்வொண்ணா தேடிக் கண்டுபிடிக்கறது தான் இந்த கிட்டுல நெஜமான படிப்புன்னு நான் நினைக்கறேன்.

லேம்ப் தூரத்தையே எடுத்துக்குங்க. ஒரு டோம் 30 சென்டிமீட்டர்லயும் இன்னொண்ணு 31 சென்டிமீட்டர்லயும் இருந்தா போதும், வெளிச்சம் தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்தபடி குறையறதால ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 7 சதவீதம் வித்தியாசம் வந்துடும், ரெண்டு டிகிரியை வரவைக்க அந்த ஒரு சென்டிமீட்டரே போதும். மேனுவல்ல 'சம தூரத்தில் வைக்கவும்'னு ஒரு வரி இருக்கு, அளந்து வைக்க ஒரு ஸ்கேல் கூட பாக்ஸ்ல இல்ல. ரெண்டு தெர்மாமீட்டரும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகவும் இல்ல, ஒரே டம்ளர் தண்ணியில ரெண்டையும் போட்டா எங்க கிட்டுல 0.4 டிகிரி வித்தியாசம், அதை நோட் பண்ணி வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ரீடிங்லயும் கழிக்கணும். இன்னொண்ணு, சோடாவும் சிட்ரிக் ஆசிட்டும் கலந்தா அந்த ரியாக்ஷன் சுத்தி இருக்கற சூட்டை உள்ள இழுத்துக்கும், பாட்டிலை தொட்டுப் பாத்தாலே ஜில்லுன்னு இருக்கும், அதுலேர்ந்து வர்ற கேஸும் ஈரத்தோட, குளுமையா தான் வரும், அதனால கேஸை விட்டதும் லேம்பை போடாம ரெண்டு டோமும் ஒரே ரீடிங்குக்கு வர்ற வரைக்கும் வெயிட் பண்ணணும். இது எதுவும் மேனுவல்ல இல்ல.

இதையெல்லாம் சரி பண்ணி, டோமை இடம் மாத்தி, தெர்மாமீட்டரை மாத்திப் போட்டு பாத்தா கூட கார்பன் டை ஆக்சைடு டோம் கொஞ்சம் சூடா தான் இருக்கு, வித்தியாசம் குறைஞ்சாலும் இருக்கு. அப்ப இது க்ரீன்ஹவுஸ் எஃபெக்ட் தானேன்னு கேப்பீங்க. பெரும்பாலும் இல்லீங்க. கார்பன் டை ஆக்சைடு காத்தை விட கனம், மூலக்கூறு எடைல பாத்தா காத்து 29, இது 44, அதனால அடியில கறுப்பு தட்டு மேல படிஞ்சு நிக்கும், சூடான தட்டுலேர்ந்து காத்து மேல கிளம்பி சூட்டை கொண்டு போறது குறைஞ்சுடும், சூடு கீழயே தங்கிடும். 2010ல அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்ல இந்த மாதிரி கிளாஸ்ரூம் எக்ஸ்பெரிமென்ட்டை ஆராஞ்சு ஒரு பேப்பர் வந்துது, அதுல அவங்க கார்பன் டை ஆக்சைடுக்கு பதிலா ஆர்கான் போட்டு பாத்தாங்க. ஆர்கான் கேஸ் இன்ஃப்ராரெட்டை, அதாவது கண்ணுக்கு தெரியாத வெப்பக் கதிரை, உறிஞ்சவே உறிஞ்சாது, ஆனா எடை 40, காத்தை விட கனம். ரிசல்ட் கிட்டத்தட்ட அதே தான் வந்துது. அதாவது டோமுக்குள்ள நாம பாக்கற சூடு பெரும்பாலும் காத்தோட்டம் குறையறதால வர்றது.

லேம்ப்லயும் இதே மாதிரி ஒரு சிக்கல். ஹாலஜன் லேம்ப் இழை 3000 கெல்வின் கிட்ட எரியுது, அதோட கதிர்வீச்சு உச்சம் 1 மைக்ரான் அலைநீளம் பக்கத்துல (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). ஆனா பூமி தரை வெளிய விடற சூடு 10 மைக்ரான் பக்கத்துல உச்சம், கார்பன் டை ஆக்சைடு அதுல பிடிச்சு நிறுத்தற முக்கியமான இடம் 15 மைக்ரான். லேம்ப் சூட்டை கார்பன் டை ஆக்சைடு பிடிக்கற மாதிரி மேனுவல்ல படம் போட்டிருக்காங்க, அது தப்பு. சூரிய வெளிச்சம் உள்ள வர்றப்ப காத்துல பெரும்பாலும் தடை இல்லாம வந்துடணும், தரை சூடாகி அது திருப்பி அனுப்பற நீள அலை தான் மாட்டணும், விஷயமே அதுல தான் இருக்கு. அந்த நீள அலையோ இந்த பிளாஸ்டிக் டோமைத் தாண்டியே வெளிய போகாது, தடியான பிளாஸ்டிக் அதை தானே உறிஞ்சுடும். சுவரே பிடிச்சுக்கறப்ப உள்ள இருக்கற கேஸ் என்ன பண்ணுச்சுன்னு எப்படி தெரியும் சொல்லுங்க?

தோட்டத்துல செடி வளக்கற கண்ணாடி வீட்டுக்கும் இது பொருந்தும். 1909லயே ஆர்.டபிள்யூ.வுட்னு ஒரு அமெரிக்க இயற்பியலாளர் ரெண்டு பெட்டி செஞ்சார், ஒண்ணுக்கு கண்ணாடி மூடி, இன்னொண்ணுக்கு இன்ஃப்ராரெட்டை தாராளமா வெளிய விடற பாறை உப்பு தகடு மூடி. ரெண்டுலயும் சூடு கிட்டத்தட்ட ஒண்ணா தான் ஏறுச்சு. சூடான காத்து மேல போயிடாம அடைச்சு வெக்கறது தான் அங்க பெரிய வேலை. நாங்களும் ஒரு டோமை எடுத்துட்டு மெல்லிசான பாலிதீன் ஷீட்டை கட்டிப் பாத்தோம், மெல்லிய பாலிதீன் இன்ஃப்ராரெட்டை நல்லாவே விட்டுடும், அப்பவும் உள்ள சூடு நல்லா ஏறத்தான் செஞ்சுது. ஆனா பூமியை சுத்தி வெற்றிடம், காத்து கிளம்பி வெளிய போய் சூட்டை கொட்டிட்டு வர வழியே கிடையாது, பூமியிலேர்ந்து சூடு வெளியேற கதிர்வீச்சு ஒண்ணு தான் வழி. மேனுவல் முதல் பக்கத்துலயே 'பூமிக்கு ஒரு கண்ணாடி வீடு'ன்னு படம் போட்டு ஆரம்பிக்கறதால குழந்தைங்க மனசுல வானத்துல ஒரு கூரை இருக்கற மாதிரி பதிஞ்சுடுது.

மேனுவல்ல வரலாறுன்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல ஸ்வாந்தே அர்ஹீனியஸ்ங்கற ஸ்வீடன் விஞ்ஞானி பேர் மட்டும் தான். அவர் பெரிய ஆள் தான், 1896ல கையாலயே கணக்கு போட்டு கார்பன் டை ஆக்சைடு ரெண்டு மடங்கானா அஞ்சு ஆறு டிகிரி ஏறும்னு சொன்னவர். ஆனா இந்த கிட்டுல நாம செய்யற எக்ஸ்பெரிமென்ட் இருக்கே, அதை மொதல்ல செஞ்சது யூனிஸ் ஃபூட்னு ஒரு அமெரிக்க பெண்மணி, 1856ல. ரெண்டு கண்ணாடி குழாய், உள்ள தெர்மாமீட்டர், ஒரு காத்து பம்ப், வெயில். சாதா காத்து இருந்த குழாய் 106 டிகிரி ஃபாரன்ஹீட், கார்பன் டை ஆக்சைடு இருந்தது 125, நம்ம கணக்குல 41ம் 52ம். வெயில்லேர்ந்து எடுத்த அப்புறமும் அது ஆற ரொம்ப நேரம் ஆச்சுன்னு எழுதினாங்க, காத்துல இந்த கேஸ் ஜாஸ்தியா இருந்த காலம்னு ஒண்ணு இருந்தா அப்ப பூமியும் சூடா இருந்திருக்கும்னும் சேத்து எழுதினாங்க. அந்த பேப்பரை அந்த வருஷம் ஆல்பனியில நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்துல படிச்சது ஜோசப் ஹென்றிங்கற விஞ்ஞானி. அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல அவங்க பேரை யாரும் பெருசா சொல்லல. அவங்க செஞ்ச அதே எக்ஸ்பெரிமென்ட்டை பாக்ஸ்ல போட்டு விக்கறவங்க அவங்க பேரை ஒரு வரி போட்டிருக்கலாம், எனக்கு இது ரொம்ப வருத்தமா இருந்துது.

அதுக்கு மூணு வருஷம் கழிச்சு 1859ல லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல ஜான் டிண்டால் இதுல அடுத்த படிக்கு போனார். கண்ணாடி நீள அலை இன்ஃப்ராரெட்டை தடுத்துடும்னு தெரிஞ்சதால குழாயோட ரெண்டு பக்கத்தையும் பாறை உப்பு தகடால அடைச்சார், ஹீட் சோர்ஸா கொதிக்கற தண்ணி வெச்ச பெட்டியை வெச்சார், அதாவது சூரியன் மாதிரி தகதகன்னு எரியறதை விட்டுட்டு தரை மாதிரி மிதமா சுடறதை எடுத்தார். அப்படி பாத்தா தான் தெரிஞ்சுது, நைட்ரஜன், ஆக்சிஜன் ரெண்டும் அந்த சூட்டை கண்டுக்கவே இல்ல, நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் பிடிச்சு வெச்சுக்குது. உலர்ந்த காத்துல 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், அப்ப இந்த வேலையை செய்யறது மிச்சம் இருக்கற கொஞ்சூண்டு தான். ஒரே மாதிரி ரெண்டு அணு சேந்த மூலக்கூறு அதிர்ந்தாலும் அதோட மின்சமநிலை மாறாது, அதனால இன்ஃப்ராரெட் அதை அசைக்க முடியாது, கார்பன் டை ஆக்சைடுல மூணு அணு, அது வளைஞ்சு நிமிர்றப்ப மின்சமநிலை மாறும், அந்த வளையற அதிர்வு தான் 15 மைக்ரான். இந்த ஒரு பத்தி மேனுவல்ல இருந்திருந்தா போதும். கிட் 1856லயே நிக்குது, 1859க்கு வந்து சேரல.

சரி, இப்ப அந்த ஓரத்துல கிடந்த இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டருக்கு வரேன். சாயங்காலம் மொட்டை மாடியில நின்னு தரையை பாத்து ட்ரிகரை அழுத்தினா 31ன்னு காட்டுச்சு. அதையே தலைக்கு நேர மேல தெளிஞ்ச வானத்தைப் பாத்து அழுத்தினா டிஸ்ப்ளேல நம்பர் சரசரன்னு எறங்கி மைனஸ் 9ல வந்து நின்னுச்சு. "சித்தி, இது கெட்டுப்போச்சா, மைனஸ்ல காட்டுது"ன்னு அக்கா பொண்ணு கேட்டா. கெடல. அப்புறம் ஒரு மேகம் வந்து நின்னப்ப அதைப் பாத்து அழுத்தச் சொன்னேன், 14. மேகம் நகர்ந்ததும் திரும்ப மைனஸ். அவளே கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப மேகம் நம்மளை பாத்து சூடு விடுதா?"ன்னு கேட்டா பாருங்க, அதைக் கேக்கறதுக்காகவே இந்த கிட்டை வாங்கலாம். ஆமா, விடுது. மேகம் மட்டும் இல்ல, தெளிஞ்ச வானமும் விடுது. விண்வெளியோட சூடு மைனஸ் 270 டிகிரி, நடுவுல காத்து ஒண்ணும் பண்ணலைன்னா மீட்டர் அதோட கடைசி லிமிட் வரைக்கும் எறங்கியிருக்கணும், மைனஸ் 9ல நிக்குதுன்னா மேல இருக்கற நீராவி தன்னோட சூட்டை கீழ அனுப்பிட்டே இருக்குன்னு அர்த்தம். வானத்தோட ஓரத்துக்கு, அதாவது சாய்வா பிடிச்சா ரீடிங் ஏறும், ஏன்னா அந்தப் பக்கம் தடியா காத்து இருக்கு, நேர மேல பிடிச்சா குறையும். மழைக்கு முன்னாடி புழுக்கமா இருக்கற ராத்திரில தெளிஞ்ச வானமே அவ்வளவா எறங்காது. மேகம் போட்ட ராத்திரி ஏன் குளிர மாட்டேங்குதுங்கறதுக்கு பதில் அந்த குட்டி டிஸ்ப்ளேலயே இருக்கு.

ஒரு விஷயம் மட்டும் தெளிவா சொல்லிடணும், இந்த மாதிரி மீட்டர் பாக்கறது 8லேர்ந்து 14 மைக்ரான் வரைக்கும் தான், அந்த அலைநீளத்துல காத்து நல்லாவே ட்ரான்ஸ்பரன்ட், கார்பன் டை ஆக்சைடோட 15 மைக்ரான் அதுக்கு வெளிய போயிடுது. அதனால இதுல நாம பாக்கறது முக்கியமா நீராவியும் மேகமும் தான். முழு அலைநீளத்தையும் சேத்து அளக்கற கருவி வெச்சு பாத்தா வானத்துலேர்ந்து தரைக்கு வர்ற இந்த சூடு உலக சராசரியில சதுர மீட்டருக்கு 340 வாட் கிட்ட வருது, தரை சூரியன்லேர்ந்து நேரடியா உறிஞ்சறது 160 வாட் தான். அதாவது தரைக்கு சூரியன் குடுக்கறதை விட ரெண்டு மடங்கு காத்தும் மேகமும் குடுக்குது. கார்பன் டை ஆக்சைடு பங்கையும் தனியா அளந்துட்டாங்க, அமெரிக்காவுல ஒக்லஹோமா பக்கமும் அலாஸ்காவுலயும் 2000லேர்ந்து 2010 வரைக்கும் வானத்தைப் பாத்து ஸ்பெக்ட்ரோமீட்டரை, அதாவது கதிரை அலைநீளம் வாரியா பிரிச்சு அளக்கற கருவியை, வெச்சிருந்தாங்க, பத்து வருஷத்துல சதுர மீட்டருக்கு 0.2 வாட் ஏறியிருக்குன்னு 2015ல வெளியிட்டாங்க. டோமுக்கு வெளிய, நெஜமான காத்துல நடக்கறதை, நேரா அளந்த நம்பர் அது.

சுவர் போஸ்டர் பாதி ரொம்ப நல்லா இருக்கு. சூரியன்லேர்ந்து பூமிக்கு வர்றது சதுர மீட்டருக்கு 1361 வாட், பூமி உருண்டைங்கறதாலயும் பாதி ராத்திரிங்கறதாலயும் நாலால வகுத்தா 340, அதுல 30 சதவீதத்தை மேகமும் பனியும் மணலும் திருப்பி அடிச்சுடுது, மிச்சம் 240. அந்த 240 வாட்டை திருப்பி வெளிய விட ஒரு பொருள் எவ்ளோ சூடா இருக்கணும்னு கணக்கு போட்டா மைனஸ் 18 டிகிரி வருது. ஆனா தரையோட சராசரி 15 டிகிரி. நடுவுல இருக்கற 33 டிகிரி தான் க்ரீன்ஹவுஸ் எஃபெக்ட். இதை அம்புக்குறி போட்டு தெளிவா வரைஞ்சிருக்காங்க, ரூம் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கோம். இது இல்லைன்னா கடல் உறைஞ்சு கிடக்கும், அதனால இந்த எஃபெக்டே கெட்டதுன்னு குழந்தைங்க நினைச்சுக்காம இருக்க இந்த போஸ்டர் உதவுது, அதுக்கு நன்றி சொல்லணும்.

போஸ்டரோட மறுபாதில தான் எனக்கு பிரச்சனை. பூமியை சுத்தி ஒரு கோடு போட்டு 'கார்பன் டை ஆக்சைடு அடுக்கு'ன்னு எழுதியிருக்காங்க, அப்படி ஒரு அடுக்கே கிடையாது, காத்து முழுக்க கலந்து தான் இருக்கு. கீழ மூலையில ஓசோன் ஓட்டை வழியா சூடு உள்ள வர்ற மாதிரி ஒரு படம் வேற. ஓசோன் படலம் தடுக்கறது புற ஊதாக் கதிரை, அது தனி கதை, பூமி சூடாகறதுக்கு அந்த ஓட்டை காரணம் இல்ல. ரெண்டையும் போட்டு குழப்பிக்கறவங்க ஏற்கனவே நெறைய பேர் இருக்காங்க, குழந்தைங்களுக்கான போஸ்டர்ல அதையே அச்சடிச்சா எப்படி? கம்பெனிக்கு எழுதி போட்டிருக்கேன், அடுத்த பிரிண்ட்ல சரி பண்ணுங்கன்னு.

மேனுவல் சொல்ற விளக்கம் ஒரே வரி, 'வாயுக்கள் போர்வை போல வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன'. அத்தோட விட்டா ஒரு நல்ல கேள்விக்கு பதில் கிடைக்காது. ஏற்கனவே 15 மைக்ரான்ல போறது எல்லாம் காத்துல மாட்டிக்குதே, இன்னும் கார்பன் டை ஆக்சைடு சேந்தா என்ன ஆயிடப்போவுது? இதே கேள்வியை 1900ல நட் ஆங்ஸ்ட்ரோம்ங்கற ஸ்வீடன் விஞ்ஞானி கேட்டார், குழாய்ல கேஸ் அளவை மாத்திப் பாத்து பெரிய வித்தியாசம் இல்லைன்னும் சொன்னார், ரொம்ப வருஷம் பல பேர் அதை நம்பினாங்க. பதில் உயரத்துல இருக்கற காத்துல இருக்கு. காத்து உறிஞ்சறதோட நிக்காது, தானும் வெளிய விடும், கீழ விட்டதை மேல இருக்கற காத்து பிடிக்கும், அது விட்டதை அதுக்கு மேல இருக்கறது பிடிக்கும், இப்படி ஏறி ஏறி போயி காத்து போதுமான அளவு மெலிஞ்ச ஒரு உயரத்துலேர்ந்து தான் விண்வெளிக்கு தப்பிச்சு போகும். சராசரியா பாத்தா அந்த உயரம் 5 கிலோமீட்டர் கிட்ட, அங்க சூடு மைனஸ் 18. ஒரு கிலோமீட்டர் மேல போனா 6.5 டிகிரி குறையும், 5ஐ 6.5ஆல பெருக்குங்க, அதே 33 தான் வருது பாருங்க. இப்ப கார்பன் டை ஆக்சைடு ஏறினா அந்த தப்பிக்கற உயரம் இன்னும் மேல போயிடும், மேல இன்னும் குளிர், குளிர்ந்த காத்து கம்மியா தான் கதிர்வீசும், உள்ள வர்றது அதே 240, வெளிய போறது அதை விட கம்மி, மிச்சம் ஆகறது தங்கி தங்கி எல்லாமே சூடாகும், திரும்பவும் 240 வெளிய போற வரைக்கும் ஏறிட்டே இருக்கும். இதை பேப்பர்ல ரெண்டு கோடு போட்டு காட்டினேன், எட்டாவது படிக்கற பொண்ணுக்கு புரிஞ்சுது. மேனுவல் எழுதினவங்க குழந்தைங்களுக்கு புரியாதுன்னு விட்டிருந்தா, அது சரியில்ல.

அளவைப் பத்தியும் மேனுவல் ஒண்ணும் சொல்லல. தொழிற்புரட்சிக்கு முன்னாடி காத்துல கார்பன் டை ஆக்சைடு 280 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 280 பங்கு. 1958ல சார்லஸ் கீலிங் ஹவாய்ல மௌனா லோவா மலையில அளக்க ஆரம்பிச்சப்ப 315 கிட்ட, இப்ப 420ஐ தாண்டியாச்சு. இவ்ளோ கொஞ்சமா இருக்கறது என்ன பண்ணிடும்னு கேக்கறவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. காத்து மொத்தத்தையும் தரைமட்ட அழுத்தத்துக்கு கொண்டு வந்தா 8 கிலோமீட்டர் உயரம் வரும், அதுல கார்பன் டை ஆக்சைடை மட்டும் தனியா பிரிச்சு தரையில விரிச்சா கிட்டத்தட்ட 3.4 மீட்டர் தடிமன். டோமுக்குள்ள நாம நிரப்பறது 20 சென்டிமீட்டர். சூடு வெளிய போகணும்னா அந்த 3.4 மீட்டரை தாண்டித் தான் போகணும், முன்னாடி அது 2.2 மீட்டரா தான் இருந்துது.

ஆப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஸ்லைடரை நகத்தினா கார்பன் டை ஆக்சைடு ஏறும், பக்கத்துல தெர்மாமீட்டர் ஏறும். ஒவ்வொரு 10 பிபிஎம்முக்கும் ஒரே அளவு ஏத்தறாங்க, நெஜத்துல அப்படி இல்ல, 280லேர்ந்து 560 போனா எவ்ளோ ஏறுமோ அதே அளவு ஏற 560லேர்ந்து 1120 போகணும், ரெட்டிப்புக்கு ரெட்டிப்பு தான் கணக்கு. ஒரு ரெட்டிப்புக்கு 3 டிகிரிங்கறது ஐபிசிசி, அதாவது காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. விஞ்ஞானிகள் குழுவோட 2021 அறிக்கை குடுத்த மைய மதிப்பீடு, 2.5லேர்ந்து 4க்குள்ள இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்றாங்க. நகத்தின உடனே சூடு ஏறிடற மாதிரி காட்டறதும் சரியில்ல, சேர்ற சூட்டுல 90 சதவீதம் கிட்ட கடல் குடிச்சுட்டு இருக்கு, அது மெதுவா தான் வெளிய தெரியும். நீராவிக்குன்னு ஒரு பட்டனே இல்லாதது பெரிய குறை. காத்து ஒரு டிகிரி சூடானா 7 சதவீதம் ஜாஸ்தி நீராவியை தாங்கும், அந்த நீராவியும் சூட்டை பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடு ஆரம்பிச்சு வெக்கறதை அது பெருசாக்கிடுது, அதை காட்டாம 3 டிகிரி எப்படி வந்துதுன்னு சொல்லவே முடியாது.

கிரகங்கள் கார்டு எனக்கு ரொம்ப பிடிச்சுது, மேனுவலை விட கார்டு எழுதினவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. வெள்ளி கிரகத்துல 464 டிகிரி, சூரியனுக்கு பக்கம்ங்கறதால தான்னு நாம நினைப்போம், ஆனா அதோட மேகம் வெளிச்சத்துல முக்கால்வாசியை திருப்பி அடிச்சுடுது, சதுர மீட்டர் கணக்குல பாத்தா அது உறிஞ்சறது பூமியை விடவே கம்மி. 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, பூமியை விட 90 மடங்குக்கு மேல அழுத்தம், அதான் அந்த சூடு. செவ்வாய்லயும் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு தான், ஆனா காத்தே பூமியோடதுல 1 சதவீதம் கூட இல்ல, அங்க சராசரி மைனஸ் 60 கிட்ட. நிலாவுல காத்தே கிடையாது, பகல்ல 120, ராத்திரி மைனஸ் 130. சூரியன்லேர்ந்து பூமி எவ்ளோ தூரமோ நிலாவும் அவ்ளோ தூரம் தான்னு கார்டோட பின்பக்கம் போட்டிருக்காங்க, அந்த ஒரு வரி பசங்களை நிறுத்தி யோசிக்க வைக்கும்.

மேல இருக்கற காத்து, அதாவது ஸ்ட்ராடோஸ்பியர், குளிர்ந்துட்டே வருதுங்கறதையும் ஒரு கார்டுல போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். சூரியன் தான் காரணம்னா கீழயும் மேலயும் சேந்து சூடாகணும், கார்பன் டை ஆக்சைடு தான் காரணம்னா கீழ சூடு, மேல குளிர், 1967லயே சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்ட்ங்கற ரெண்டு காலநிலை விஞ்ஞானிங்க கணக்கு போட்டு காட்டினாங்க, அப்படியே தான் நடக்குது. மனாபேக்கு 2021ல நோபல் பரிசு கிடைச்சுது. 'சூரியன் சூடாகியிருக்கும்'னு சொல்ற பெரியவங்களுக்கும் பதில் சொல்ல அந்த ஒரு கார்டு போதும்.

யாருக்கு வாங்கலாம்? கூட உக்காந்து செய்ய ஒரு பெரியவங்க இருந்தா தாராளமா வாங்குங்க, 12 வயசுக்கு மேல சரியா இருக்கும். தனியா பொழுதுபோக்கட்டும்னு குடுக்கறதுக்கு வேண்டாம், ரெண்டு டிகிரி ஏறுச்சு பாத்தியான்னு மூடி வெச்சுடுவாங்க. ஸ்கூல்ல கிளாஸ் எடுக்கற டீச்சர்ஸ் டோம் எக்ஸ்பெரிமென்ட்டை ஒரு தடவை செஞ்சு காட்டிட்டு, 'இந்த சூடு எங்கேர்ந்து வந்திருக்கும்'னு பசங்களையே சந்தேகப்பட விடுங்க, அதுக்கு இது அருமையான பொருள். ஏற்கனவே வீட்டுல இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தா, ஆனா காய்ச்சல் பாக்கறது இல்ல, அது 32க்கு கீழ காட்டாது, மைனஸ் வரைக்கும் போற இண்டஸ்ட்ரியல் டைப் இருந்தா, கிட் இல்லாமலே வானத்தை அளந்து பாக்கலாம்.

வாங்கினவங்களுக்கு ரெண்டு விஷயம். சோடா, சிட்ரிக் ஆசிட் பாக்கெட் சீக்கிரம் தீர்ந்துடும், ரீஃபில்லுக்கு காத்திருக்க வேண்டாம், சாதா பேக்கிங் சோடாவும் சிட்ரிக் ஆசிட்டும் தனியா வாங்கினாலே போதும், வேலை நல்லாவே செய்யுது. வானத்தை அளக்கறப்ப சூரியன் இருக்கற பக்கம் மட்டும் மீட்டரை திருப்பாதீங்க, சென்சார் கெட்டுடும், சூரியன் மறைஞ்ச அப்புறம் ஆரம்பிச்சா கண்ணுக்கும் நல்லது, மீட்டருக்கும் நல்லது.